ஆஃபர் லெட்டர் வரும் முன்பே பேப்பர் போடச் சொல்கிறார் கன்சல்டன்சிக்காரர். என்ன செய்வது?

வேளச்சேரி_மழை | திங்கள், இரவு 11:20

வணக்கம். மனசு குழம்பிக் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஜாவா பேக்எண்ட் டெவலப்பர், ஏழு வருட அனுபவம். இப்போது ஆண்டுக்கு 12.5 லட்சம். நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், 90 நாள். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார். மூன்று சுற்று இன்டர்வியூ. கடைசிச் சுற்றில் அந்த டீமின் மேனேஜரே ஒன்றரை மணி நேரம் பேசினார். மாதக் கடைசியில் பேமென்ட் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் சிஸ்டத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று இரண்டு பேரும் திரையில் படம் போட்டுப் போட்டு அழித்தோம். இன்டர்வியூ என்ற நினைப்பே இல்லை. அந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு தவிப்பு.

செலக்ட் ஆன பிறகுதான் சிக்கலே. முதல் போனில் "18 லட்சம் பிக்ஸட் மேடம், அதில் பிரச்சினையே இல்லை" என்றவர், இப்போது "மொத்தமே 16தான், அதுவே உங்களுக்கு 28 சதவீத ஹைக் (சம்பள உயர்வு)" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு பத்தரைக்கு வாட்ஸப் கால். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. வரிசையாக ஆறு மிஸ்டு கால். அப்புறம் ஒரு மெசேஜ்: "இன்று இரவுக்குள் ஓகே சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்." காலையில் இன்னொன்று: "ரிசைன் பண்ணிவிட்டு அந்த மெயிலின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள். அதைக் காட்டினால்தான் ஆஃபர் ரிலீஸ் ஆகும்."

நேற்று நடந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ரெஃபரன்ஸுக்கு என்று என்னுடைய பழைய டீம் லீடின் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவரைக் கூப்பிட்டு, "இந்த மேடம் நிஜமாகவே சேருவாங்களா, இல்லை இந்த ஆஃபரைக் காட்டி வேறு இடத்தில் பேரம் பேசுறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அண்ணன் எனக்கு வேண்டியவர், உடனே என்னிடம் சொல்லிவிட்டார். அவருக்கும் என் இப்போதைய மேனேஜருக்கும் பழக்கம் உண்டு. வேறு ஒருவராக இருந்திருந்தால் இன்று ஆபீசில் என் கதி என்ன?

கணவர், "இந்த ஆளோடு மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுவிடு" என்கிறார். அப்பா கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "கையில் காகிதம் வராமல் இருக்கிற வேலையை விடாதே" என்று மட்டும் சொன்னார்.

கன்சல்டன்சியைத் தாண்டி நேராகக் கம்பெனி ஹெச்ஆரிடம் பேசலாமா? பேசினால் தப்பாகிவிடுமா? முதலில் சொன்ன 18ஐ வைத்துக் கேட்க எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?


தாம்பரம்_லோக்கல் | திங்கள், இரவு 11:48

உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், இன்று இரவு பேப்பர் போட்டுவிடாதீர்கள்.

2020 பிப்ரவரியில் இதே போல ஒரு போன் பேச்சை நம்பி நான் பேப்பர் போட்டேன். "லெட்டர் அப்ரூவலில் இருக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடும்" என்றார்கள். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் "எல்லா வேலைவாய்ப்பும் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று ஒரு வரி மெசேஜ். இங்கே பழைய கம்பெனியில் ராஜினாமாவைத் திரும்பப் பெறக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். ஏழு மாதம் சும்மா இருந்தேன். வண்டி லோன் கட்ட அம்மா தன் வளையலைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கொரோனா காலம் விதிவிலக்கு என்று யாராவது சொல்லலாம். அப்போது லெட்டர் கையில் இருந்தவர்களுக்கே தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் அவர்கள் அதைக் காட்டிக் கேட்டார்கள், சிலருக்கு ஆறு மாதம் கழித்தாவது சேர வழி கிடைத்தது. நான் எதைக் காட்டிக் கேட்பது?


கோவை_பீளமேடு | செவ்வாய், காலை 7:05

சகோதரி, நான் வேறு மாதிரி நினைக்கிறேன். லெட்டர் இல்லாமல் பேப்பர் போட வேண்டாம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 28 சதவீதம் என்பது இன்றைய நிலவரத்தில் சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் பத்து, பதினைந்துக்கே அலைகிறார்கள். வேலையும் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். ஒரு ஏஜெண்டின் நாக்குச் சரியில்லை என்பதற்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? அவரோடு வேலை செய்யப் போவது நீங்கள் இல்லையே.

நேராக ஹெச்ஆரிடம் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கன்சல்டன்சிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்கும். தாண்டிப் போனால் "இந்த ஆள் சிக்கலான ஆள்" என்று பெயர் வந்துவிடும். என் நண்பன் ஒருவனுக்கு அப்படி ஆகியிருக்கிறது.


ரெக்ரூட்டர்_ஒருத்தி | செவ்வாய், காலை 9:40

நான் இந்தத் தொழிலில்தான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதலில் எங்கள் தொழில் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரெஃபரன்ஸ் கொடுத்தவரைக் கூப்பிட்டு ஆளின் நோக்கத்தைப் பற்றி விசாரிப்பது மிகப் பெரிய தவறு. எங்கள் ஆபீசில் யாராவது இதைச் செய்தால் அன்றே கூப்பிட்டுக் கேட்போம்.

அவர் ஏன் இப்படி நடக்கிறார் என்று புரிந்தால் உங்களுக்குப் பேசுவது எளிதாகும் என்பதால் உள்ளே இருக்கும் கணக்கைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. வேலை தேடுபவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. வழக்கமாகப் பேசப்படும் கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். உங்களை 16 லட்சத்துக்குச் சேர்த்தால் கன்சல்டன்சிக்கு 1,33,280 ரூபாய். 18 லட்சத்துக்குச் சேர்த்தால் 1,49,940. வித்தியாசம் 16,660 ரூபாய்தான். அதுவும் கன்சல்டன்சிக்குப் போகும் பணம், உங்களோடு பேசுகிற பையனுக்கு அதில் சின்னத் துண்டுதான் இன்சென்டிவாக வரும். ஆனால் நீங்கள் சேராமல் போனால் அவனுக்குப் பூஜ்யம். ஆகவே உங்களுக்கு இரண்டு லட்சம் கூட வாங்கித் தருவதில் அவனுக்குப் பெரிய லாபம் இல்லை. சீக்கிரம் முடிவதில்தான் லாபம். உங்கள் சார்பில் பேரம் பேச ஒருவர் இருக்கிறார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு பில் போடவே முடியும். மூன்று மாதத்துக்குள் நீங்கள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். 90 நாள் நோட்டீஸ் என்றால் நீங்கள் சேரும் வரை அந்த நாள் முழுவதும்கூட எங்களுக்கு வயிற்றில் நெருப்புதான். சேரும் நாள் காலையில் லேப்டாப் தயாராக வைத்துவிட்டு ரிசப்ஷனில் காத்திருந்திருக்கிறார்கள், ஆள் போனை அணைத்துவிட்டார். எனக்கே நடந்தது. அந்தப் பயத்தில்தான் "ரிசைன் பண்ணிய மெயிலைக் காட்டு" என்கிற பழக்கம் வந்தது. லெட்டர் கொடுத்த பிறகு அதைக் கேட்பதில் நியாயம் உண்டு. கொடுக்கும் முன்பு கேட்பது அநியாயம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ரெஸ்யூமைக் கம்பெனிக்கு அனுப்பும் முன் உங்களிடம் ஒரு ஒப்புதல் மெயில் வாங்கியிருப்பார்களே? இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் நாள் என்று ஒரு கட்டம் போட்டு, நிரப்பி அனுப்பச் சொல்வார்கள். அதில் என்ன எழுதினீர்கள்? தேடிப் பாருங்கள்.


வேளச்சேரி_மழை | செவ்வாய், காலை 10:15

அக்கா, கிடைத்துவிட்டது. கேன்டீனில் உட்கார்ந்து போனில் தேடினேன். "எதிர்பார்க்கும் சம்பளம்: 18 லட்சம் பிக்ஸட். நோட்டீஸ்: 90 நாள்" என்று நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். "நன்றி, ப்ரொஃபைலை அனுப்பிவிட்டேன்" என்று அவர் பதில் போட்டிருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்றாம் சுற்று இன்டர்வியூவின் காலண்டர் அழைப்பில் கம்பெனி ஹெச்ஆரின் மெயில் முகவரி இருக்கிறது.


ரெக்ரூட்டர்_ஒருத்தி | செவ்வாய், காலை 10:31

அந்த மெயிலை ஸ்டார் போட்டு வையுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உங்கள் ப்ரொஃபைல் சுலபமாக ஷார்ட்லிஸ்ட் ஆக வேண்டும் என்பதற்காக அவர் கம்பெனிக்குப் போன ஷீட்டில் வேறு எண்ணைப் போட்டிருக்கலாம். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் நடக்கிற விஷயம்தான்.


கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1:20

பேரோல் வேலையில் பல வருடம் இருந்தவன். 16, 18 என்று பேசுவதற்கு முன் "பிக்ஸட்" என்ற சொல்லுக்கு அந்தக் கம்பெனியில் என்ன பொருள் என்று கேளுங்கள் அம்மா. சில இடங்களில் மாதாமாதம் கையில் வருவதை மட்டும் பிக்ஸட் என்பார்கள். சில இடங்களில் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைப்பார்கள்.

அவர் சொல்லும் 16 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு உதாரணத்துக்கு வேரியபிள் (நிச்சயமில்லாமல் கூடக் குறையத் தரும் பங்கு) 10 சதவீதம், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேரியபிள் 1,60,000 போயிற்று. பேசிக் 6,40,000. அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம் 76,800. கிராஜுவிட்டி என்று 4.81 சதவீதம், 30,784. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு, அதற்கு ஒரு 12,000 போடலாம். மிச்சம் 13,20,416. மாதத்துக்கு 1,10,034. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 6,400 பிடித்தால் 1,03,634. வருமான வரி, தொழில் வரி இன்னும் பிடிக்கவில்லை.

16 லட்சத்தை 12ஆல் வகுத்தால் 1,33,333 வரும். மனசில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வேலையை மாற்றியவர்கள் முதல் மாதப் பேஸ்லிப்பைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவராவது வருவார்.

கிராஜுவிட்டியைச் சம்பளம் என்று எண்ணாதீர்கள். வழக்கமான நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடித்தால்தான் அது கைக்கு வரும். பிஎஃப் உங்கள் பணம்தான், ஆனால் இன்றைக்கு வீட்டு வாடகைக்கு உதவாது. சில கம்பெனிகள் முழு பேசிக்குக்குப் பிடிக்காமல் 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும், மாதம் 1,800 என்று பிடிப்பார்கள். அப்போது கையில் வருவது மாறும். வேரியபிள் விஷயத்தில் கடந்த இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், கொடுக்கும் தேதியில் வேலையில் இருந்தால்தான் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஜாயினிங் போனஸ் என்று ஏதாவது தந்தால் அதற்கு வரி பிடித்துதான் வரும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். திருப்பும்போது வரி பிடித்த பிறகு வந்த தொகையா, பிடிக்கும் முன் இருந்த தொகையா என்று லெட்டரில் பாருங்கள்.

சுருக்கமாக, சம்பளப் பிரிவு விவரத் தாள் கைக்கு வராமல் "ஓகே" என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது.


மதுரை_வக்கீல் | செவ்வாய், மாலை 6:50

சட்டப்படி பார்த்தால், போனில் "18 பிக்ஸட்" என்று ஏஜெண்ட் சொன்னதை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் உரிமை கோர முடியாது. ஏஜெண்டின் வாய்ப்பேச்சு கம்பெனியைக் கட்டிப்போடாது. ஆனால் பேரத்துக்கு உங்கள் மெயில் நல்ல ஆதாரம். நீங்கள் நடுவில் எண்ணை ஏற்றவில்லை, ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொன்னீர்கள் என்று காட்டும்.

நோட்டீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. "90 நாளெல்லாம் வேண்டாம், சொல்லாமல் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்கும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது, அது உண்மை. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் சேரக் கூடாது என்று தடுக்கும் ஷரத்தும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் நோட்டீஸ் காலத்துக்கான பணத்தைக் கேட்கலாம், ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) இழுத்தடிக்கப்படலாம். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

ஆஃபர் லெட்டரிலும் "சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்ற வரி இருக்கும். ஆகவே பழைய கம்பெனித் தேதிகள், யுஏஎன் (பிஎஃப் அடையாள எண்) கணக்கில் உள்ள தேதிகள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.


சான்ஹோசே_வாசி | செவ்வாய், இரவு 9:15

நான் இருக்கும் கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் பழைய சம்பளம் என்ன என்று வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது. இந்தியாவில் மூன்று மாதப் பேஸ்லிப் கேட்கிறார்கள், அதை மறைக்க முடியாது, கூட்டியும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் தங்கை, "எனக்கு எத்தனை சதவீத ஹைக்" என்ற பேச்சுக்குள் மட்டும் போகாதீர்கள். அந்தப் பேச்சில் உங்களுடைய பழைய குறைந்த சம்பளம்தான் அளவுகோலாக நிற்கும். இந்த வேலைக்கு, இந்த அனுபவத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மேனேஜரோடு ஒன்றரை மணி நேரம் படம் போட்டுப் பேசினீர்களே, உங்கள் பலம் அங்கே இருக்கிறது.


கோவை_பீளமேடு | செவ்வாய், இரவு 9:50

எல்லாம் சரி. ஆனால் ஒப்பந்தத்தை மீறி ஹெச்ஆரிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.


தாம்பரம்_லோக்கல் | செவ்வாய், இரவு 9:58

ஒப்பந்தம் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில்தானே அண்ணா. இவர் எதில் கையெழுத்துப் போட்டார்? இவருடைய சம்பளத்தைப் பற்றி இவரே பேசக் கூடாதா?


ரெக்ரூட்டர்_ஒருத்தி | செவ்வாய், இரவு 10:20

பீளமேடு சார் பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கன்சல்டன்சிக்குத் தெரியாமல் பேசினால், கட்டணத்தைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். உங்கள் நண்பர் விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் செலக்ட் ஆன பிறகு, கன்சல்டன்சியையும் காப்பியில் வைத்து ஹெச்ஆருக்கு ஒரு மெயில் எழுதுவதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. ஒளித்து எதுவும் செய்யவில்லை, எல்லோர் கண் முன்னால்தான் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஹெச்ஆர்கள் இதை வரவேற்பார்கள். நடுவில் செய்தி திரிந்து போவது அவர்களுக்கும்தான் தலைவலி.

குற்றம் சாட்ட வேண்டாம். அவர் இரவில் கூப்பிட்டார், திட்டினார் என்றெல்லாம் இந்த மெயிலில் வேண்டாம். இந்த மாதிரி எழுதலாம், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இந்தப் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. கடைசிச் சுற்றில் பேசிய வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, சேர விரும்புகிறேன். சில விவரங்களில் தெளிவு வேண்டும் என்பதால் எழுதுகிறேன். விண்ணப்பிக்கும்போது நான் குறிப்பிட்ட எதிர்பார்ப்பு 18 லட்சம் பிக்ஸட், நோட்டீஸ் 90 நாள். அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். இப்போது 16 லட்சம் என்று தெரிவிக்கப்பட்டது. சம்பளப் பிரிவு விவரத்தை அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேச வசதியாக இருக்கும். எழுத்துபூர்வமான ஆஃபர் கிடைத்த இரண்டு வேலை நாளில் என் முடிவைச் சொல்லி, ராஜினாமா விவரத்தையும் பகிர்கிறேன்."

அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு அனுப்புங்கள். இரவில் அனுப்பினால் இரவில் போன் வரும்.


கோவை_பீளமேடு | செவ்வாய், இரவு 10:41

காப்பியில் வைத்து எழுதுவது என்றால் எனக்கும் சம்மதம். நல்லபடி நடக்கட்டும் சகோதரி.


வேளச்சேரி_மழை | புதன், மாலை 5:30

அனுப்பிவிட்டேன். காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு மெயில் போயிற்று. 10:12க்கு அவருடைய போன் வந்தது. பேன்ட்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். "என்னைக் கேட்காமல் எப்படி க்ளையன்ட்டுக்கு மெயில் போடுவீங்க? இந்த ஆஃபர் உங்களுக்கு வேணுமா வேணாமா? இனிமே சென்னையில் எந்தக் கன்சல்டன்சியும் உங்க ப்ரொஃபைலைத் தொட மாட்டாங்க." நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை நடுங்கியது. "சார், உங்களையும் காப்பியில் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். சொல்ல வேண்டியதை அதிலேயே பதிலாக எழுதுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் நாலு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மெயிலில் மட்டும் ஒரு வரிகூட அவரிடமிருந்து வரவில்லை.

நாலு மணிக்கு ஹெச்ஆர் மேடத்திடமிருந்து பதில். அக்கா சொன்ன சந்தேகம் சரியாகிவிட்டது. அவர்களுக்குப் போன ஷீட்டில் என் எதிர்பார்ப்பு 16 லட்சம், நோட்டீஸ் 30 நாள் என்று இருந்திருக்கிறது. "நீங்கள் 16க்கு ஏற்கனவே சம்மதித்துவிட்டதாகத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். ராஜினாமா ஸ்க்ரீன்ஷாட் பற்றி, "ஆஃபர் கொடுக்கும் முன் நாங்கள் அப்படிக் கேட்பதே இல்லை" என்று தனி வரி. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பேசலாம் என்றிருக்கிறார்.

முப்பது நாள்! அதனால்தான் அந்த அவசரம். நான் 90 நாள் என்று அவர்களுக்குத் தெரிவதற்குள் என்னைப் பேப்பர் போட வைத்துவிட்டால், அதற்கப்புறம் எனக்கு எங்கேயும் நகர முடியாது. மதியம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.


தாம்பரம்_லோக்கல் | புதன், மாலை 5:44

படிக்கப் படிக்கப் பதறுகிறது. நல்லவேளை, நிதானமாக இருந்தீர்கள்.


ரெக்ரூட்டர்_ஒருத்தி | புதன், இரவு 8:10

எந்தக் கன்சல்டன்சியும் தொட மாட்டார்கள் என்பது வெறும் மிரட்டல். அப்படி ஒரு பொதுப் பட்டியல் எங்களிடம் கிடையாது. நாளைக்கே நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் ப்ரொஃபைலைப் புதுப்பித்தால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், அதில் பாதிப் பேர் இந்த ஆளை அறியவே மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பேசும்போது 90 நாளைப் பற்றி நீங்களே முதலில் எடுங்கள். எண்ணைவிட அவர்களுக்கு அதுதான் இப்போது பெரிய அதிர்ச்சி. எத்தனை நாள் குறைக்க முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.


வேளச்சேரி_மழை | அடுத்த புதன், இரவு 9:30

தாமதத்துக்கு மன்னியுங்கள், இடையில் குழந்தைக்குக் காய்ச்சல். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலில் ஹெச்ஆர் மேடத்தோடு அந்த மேனேஜரும் வந்திருந்தார். 90 நாள் விஷயத்தை நானே முதலில் சொன்னேன். ஈட்டிய விடுப்பைக் கழித்து 75 நாளில் வர முயல்கிறேன், அதற்குக் கீழே வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு ஆள் அடுத்த மாதம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் மூன்று மாதமாகத் தேடித்தான் உங்களைப் பிடித்தோம். 75 நாள் காத்திருக்கிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்பளம்: 18 லட்சம் பிக்ஸட் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பதவியின் உச்சவரம்பை அது தாண்டிவிடுமாம். மொத்தம் 18, அதில் 10 சதவீதம் வேரியபிள். ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்ப வேண்டும். கணக்குப்பிள்ளை ஐயா காட்டிய வழியில் அவர்கள் அனுப்பிய தாளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பிஎஃப் போக, வரிக்கு முன் மாதம் 1,16,714. அந்த 16க்கு ஐயா போட்ட கணக்கைவிட 13,080 ரூபாய் கூட. நோட்டீஸ் பையவுட் (குறையும் நோட்டீஸ் நாளுக்கான பணத்தைப் புதுக் கம்பெனியே கட்டுவது) கேட்டேன், தர முடியாது என்றார்கள். சரி, எல்லாமா கிடைக்கும்.

திங்கள் மாலை லெட்டர் வந்தது. அப்பாவிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பதினோரு பக்கம். ஏழாவது பக்கத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டு, "இந்தத் 'திருப்பிச் செலுத்த வேண்டும்' என்பது கம்பெனியே உன்னை எடுத்துவிட்டாலுமா, நீயாகப் போனால் மட்டுமா?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஹெச்ஆருக்கு எழுதிக் கேட்டேன். நானாக விலகினால் மட்டும் என்று மெயிலில் பதில் வந்தது, அதையும் லெட்டரோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த ரெக்ரூட்டர் பற்றி. கன்சல்டன்சியிலிருந்து இப்போது வேறொருவர் பேசுகிறார், மரியாதையாகப் பேசுகிறார். நடந்ததை அவர்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குரலைக் கேட்டால் சின்ன வயதுப் பையன். மாத டார்கெட் அழுத்தம் இருந்திருக்கும். ராத்திரி போன்கள், கத்தியது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆனால் ரெஃபரன்ஸ் கொடுத்தவரைக் கூப்பிட்டதையும், ஷீட்டில் எண்ணை மாற்றியதையும் மட்டும் தேதி போட்டு எழுதி அனுப்பினேன். அவை இரண்டும் என் சோற்றில் கைவைத்த காரியங்கள். அடுத்து ஒரு பெண்ணுக்கு அப்படி நடக்கக் கூடாது. விசாரிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.


கணக்குப்பிள்ளை | அடுத்த புதன், இரவு 10:02

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. வங்கியில் இருந்தவர் பென்சிலோடுதான் படிப்பார்.

கடைசி நாளுக்கு முன் இரண்டு கம்பெனியின் தேதியும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டால்கூட நல்லது. ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று பேஸ்லிப்பும் வாங்காமல் பழைய ஆபீஸ் மெயிலை விட்டு வெளியே வராதீர்கள்.


வேளச்சேரி_மழை | வியாழன், மதியம் 12:15

ஐயா, குறித்துக்கொண்டேன்.

இன்று காலை 11 மணிக்குப் பேப்பர் போட்டேன். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டார், நான் சொல்லவில்லை. 75 நாளுக்கு ஒப்புக்கொண்டு மெயில் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் பழைய டீம் லீட் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அன்றைக்கு அவர் எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன்.